பதின்மூன்று தாள்களும் ஒரு குவளை பனிநீரும்

இப்போதெல்லாம் முன்வைப்பு இல்லாத தொழில் இல்லை. வங்கி முகாமையாளர் முதல் சுகாதாரப் பணிப்பாளர் வரை, முதலாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவர் முதல் பேராசிரியர் வரை, எல்லோரும் கணினியில் சில படவில்லைகளை அடுக்கிக்கொண்டு ஒரு சபையின் முன் நிற்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். அதை எவ்வாறு செய்வது என்று கற்பிக்கும் நூல்களும் பயிற்சி வகுப்புகளும் ஏராளம். கைகளை எங்கே வைத்துக்கொள்வது, சபையோரை எப்படிப் பார்ப்பது, எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அவை சொல்லித் தருகின்றன. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், முப்பது ஆண்டுகளாகச் செய்தியறையில் பிறர் எழுதியதைத் திருத்தியும், பிறர் பேசியதைக் குறிப்பெடுத்தும் வந்த எனக்கு, இக்கலையைப் பற்றிய ஆகச்சிறந்த பாடநூல் ஒரு விபத்து விசாரணை அறிக்கை என்றே தோன்றுகிறது.

1986 ஜனவரி 28ஆம் திகதி அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 விநாடிகளில் வானில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்துப் பாடசாலை ஆசிரியை கிறிஸ்ரா மக்கோலிஃப் அவர்களில் ஒருவர். ஆசிரியர் ஒருவர் விண்வெளிக்குச் செல்கிறார் என்பதால், அமெரிக்கப் பாடசாலைகள் பலவற்றில் மாணவர்கள் வகுப்பறைத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் பாடசாலை மாணவன். வானொலியில் அச்செய்தியைக் கேட்ட நினைவு இருக்கிறது. ஆயினும் அந்த விபத்துக்கு முந்திய இரவில் நடந்தது என்ன என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகளின் பின்னரே முழுமையாக வாசித்தறிந்தேன்.

அந்த இரவில் சில பொறியியலாளர்கள் ஒரு முன்வைப்பைச் செய்தார்கள். விண்ணோடத்தை நாளை ஏவ வேண்டாம் என்பதே அதன் சாரம். அவர்கள் சொன்னது சரி. ஆனால் அவர்களால் அதைப் பிறர் ஏற்கும்படி நிறுவ இயலவில்லை.

ஓர் இறப்பர் வளையம்

சம்பவத்தை விளங்கிக்கொள்ளச் சிறிதளவு பொறியியல் அவசியம். விண்ணோடத்தின் இருபுறமும் பொருத்தப்பட்டிருந்த திண்ம எரிபொருள் ரொக்கட்டுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 மீற்றர் உயரமானவை. யூட்டா மாநிலத்திலுள்ள மோர்ட்டன் தயோகோல் நிறுவனம் அவற்றைத் தயாரித்தது. அவ்வளவு நீளமான பொருளை முழுதாக புளோரிடாவுக்குக் கொண்டு செல்ல முடியாது. ஆகையால் துண்டுகளாக ரயிலில் அனுப்பி, ஏவுதளத்தில் பொருத்தினார்கள். துண்டுகள் சந்திக்கும் மூட்டுகளில், உள்ளேயுள்ள கொதிவாயு வெளியேறாதிருக்க, ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு இறப்பர் வளையங்கள் இருந்தன. வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 3.7 மீற்றர், தடிப்போ 7 மில்லிமீற்றர் மாத்திரமே.

ரொக்கட் பற்றவைக்கப்பட்டதும் உள்ளழுத்தத்தினால் மூட்டு சற்றே விரியும். ஏறக்குறைய 0.6 விநாடிக்குள் அழுத்தம் உச்சத்தை அடைந்துவிடும். அந்த இமைப்பொழுதில் இறப்பர் வளையம் தன் நசுக்கத்திலிருந்து மீண்டு, விரியும் இடைவெளியை நிரப்ப வேண்டும். இறப்பர் குளிரில் விறைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. விறைத்த இறப்பர் மெதுவாகவே மீளும். மெதுவாக மீண்டால் வாயு கசியும்.

1985 ஜனவரியில் ஏவப்பட்ட ஒரு விண்ணோடத்தின் ரொக்கட்டுகளைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்தபோது, முதல் வளையத்தைத் தாண்டிக் கரிப்புகை சென்றிருந்ததைத் தயோகோல் பொறியியலாளர் ரொஜர் போஷலே கண்டார். அதுவரை நடந்த ஏவுதல்களுள் மிகவும் குளிரான வேளையில் நடந்தது அதுவே. வளையத்தின் வெப்பநிலை 53 பாகை பரனைட், அதாவது ஏறக்குறைய 12 பாகை செல்சியஸ் எனக் கணிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 31இல் அவர் தமது மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த மூட்டுப் பிரச்சினையை உடனே தீர்க்காவிடில் மனித உயிர்கள் பலியாகும் பேரழிவு நேரலாம் என்று அதில் வெளிப்படையாகவே எச்சரித்தார். எச்சரிக்கை இல்லாமல் நேர்ந்த விபத்தன்று அது.

தொலைபேசியில் ஒரு வழக்கு

பல தடவை ஒத்திவைக்கப்பட்ட அந்த ஏவுதல் ஜனவரி 28 காலையில் நடைபெறும் என்று முடிவாகியிருந்தது. புளோரிடாவில் அன்றிரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும் என வானிலை அறிவிப்பு வந்தது. செய்தி அறிந்த தயோகோல் பொறியியலாளர்கள் பதற்றமடைந்தனர். அன்று மாலை, சில மணித்தியாலங்களுக்குள், தமது வாதத்தைத் தாள்களில் எழுதித் தயாரித்தனர். கையால் எழுதியவையும், முன்னைய கூட்டங்களுக்காகத் தயாரித்திருந்தவையுமாக மொத்தம் பதின்மூன்று தாள்கள். அவற்றைத் தொலைநகல் மூலம் புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி நிலையத்துக்கும், அலபாமாவிலுள்ள மார்ஷல் விண்வெளி நிலையத்துக்கும் அனுப்பினர். இரவு 8.45 மணியளவில் மூன்று இடங்களையும் இணைத்துத் தொலைபேசி மாநாடு ஆரம்பமாயிற்று. 34 பேர் அதில் பங்குபற்றினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேசுபவரின் முகம் கேட்பவருக்குத் தெரியாது. யூட்டாவில் போஷலே மேசையில் புகைப்படங்களை வைத்துக்கொண்டு பேசினார். அலபாமாவில் இருந்தவர்களின் கையில் இருந்ததோ தொலைநகலில் வந்த தாள்கள் மட்டுமே. ஆகவே வாதத்தின் முழுப் பாரமும் அந்தத் தாள்களின் மீதே விழுந்தது.

தாள்களில் என்ன இருந்தது? வளையங்களுக்கு முன்னர் நேர்ந்த சேதங்கள் பற்றிய அட்டவணை ஒன்று இருந்தது. அதில் எந்தப் பறப்பில் எவ்வளவு அரிப்பு என்ற விபரம் இருந்தது. அன்று வெப்பநிலை என்ன என்பது இல்லை. வெப்பநிலைகளைக் காட்டும் வேறொரு தாள் இருந்தது. அதில் சேதம் எவ்வளவு என்பது இல்லை. காரணம் ஒரு தாளில், விளைவு வேறொரு தாளில். இரண்டையும் இணைக்கும் வேலை, அந்த நள்ளிரவை நெருங்கும் வேளையில், கேட்பவர்களின் தலையில் சுமத்தப்பட்டது.

வெப்பநிலைத் தாளில் இன்னுமொரு சிக்கல். அதில் குறிப்பிடப்பட்டிருந்த பறப்புகள் இரண்டே இரண்டு. 12 பாகையில் நடந்த குளிர்ப் பறப்பு ஒன்று. 75 பாகை பரனைட், அதாவது ஏறக்குறைய 24 பாகை செல்சியஸில் நடந்த வெப்பமான பறப்பு மற்றையது. இரண்டிலும் கரிப்புகை கசிந்திருந்தது. இவற்றோடு, தரையில் கிடையாக வைத்து எரிக்கப்பட்ட நான்கு சோதனை இயந்திரங்களின் வெப்பநிலைகளும் எழுதப்பட்டிருந்தன. அவை 8 முதல் 11 பாகை வரையிலான குளிரில் எரிக்கப்பட்டவை; அவற்றில் கசிவு ஏற்படவில்லை. குளிர்தான் காரணம் என்று வாதிட வந்தவர்கள், குளிரில் கசியாத நான்கையும் வெப்பத்தில் கசிந்த ஒன்றையும் போதிய விளக்கமின்றித் தாமே எதிர்த்தரப்பின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மார்ஷல் நிலையத்தின் ரொக்கட் திட்டப் பொறுப்பாளர் லோரன்ஸ் மலோய் அதையே பிடித்துக்கொண்டார். வெப்பத்திலும் கசிகிறது, குளிரிலும் கசிகிறது என்றால் வெப்பநிலைக்கும் கசிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். குளிர்ப் பறப்பில் கசிந்த புகை கன்னங்கரியதாக, பரந்த அளவில் இருந்தது; மற்றையதில் அப்படியல்ல என்று போஷலே விளக்கினார். அதை எண்ணால் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். எண்ணால் சொல்ல இயலாது, ஆனால் நிலைமை நல்லதை விட்டு விலகிப் போகிறது என்பது மட்டும் தெரியும் என்ற பொருளில் அவர் பதிலளித்தார். நேர்மையான பதில். ஆனால் கூட்டத்தில் அது எடுபடவில்லை.

12 பாகைக்குக் கீழே ஏவக்கூடாது என்பதே தயோகோலின் பரிந்துரை. ஏவுதலுக்கு முந்திய இரவில் புதிய நிபந்தனை விதிக்கிறீர்களே, அப்படியானால் நான் எப்போது ஏவுவது, ஏப்ரல் மாதத்திலா என்று மலோய் கேட்டார். அந்தப் பரிந்துரை தம்மைத் திகைக்க வைப்பதாக மார்ஷலின் இன்னோர் உயரதிகாரியான ஜோர்ஜ் ஹார்டி கூறினார். எனினும் ஒப்பந்தக்காரரின் பரிந்துரைக்கு எதிராகத் தாம் ஏவச் சொல்லப் போவதில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். வழமையாக இத்தகைய கூட்டங்களில், பறப்பு பாதுகாப்பானது என்பதை ஒப்பந்தக்காரர் நிரூபிக்க வேண்டும். அன்றிரவோ, பறப்பு பாதுகாப்பற்றது என்பதை நிரூபிக்குமாறு கேட்கப்பட்டதாகப் போஷலே பின்னர் சாட்சியமளித்தார். நிரூபிக்க வேண்டிய கடமை பக்கம் மாறிவிட்டது. ஆனால் அவர்கள் தயாரித்து வந்ததோ பழைய வழக்கத்துக்கான வாதம்.

தொப்பி மாற்றம்

தமக்குள் பேசிக்கொள்ள ஐந்து நிமிட அவகாசம் வேண்டும் என்று தயோகோலின் ஜோ கில்மின்ஸ்டர் கேட்டார். தொலைபேசி இணைப்பு ஒலியடக்கப்பட்டது. ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாக நீண்டது. முகாமைத்துவத் தீர்மானம் ஒன்றை எடுக்க வேண்டியுள்ளது என்று நிறுவனத்தின் மூத்த உபதலைவர் ஜெரல்ட் மேசன் சொன்னார். அதைக் கேட்டதும், பேச்சு எந்தத் திசையில் போகிறது என்பதை உணர்ந்த பொறியியலாளர் ஆர்னி தொம்ப்சன் தமது இருக்கையை விட்டெழுந்து, முகாமையாளர்களின் முன்சென்று, ஒரு தாளில் மூட்டின் படத்தை வரைந்து மீண்டும் விளக்க முற்பட்டார். அவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். போஷலே புகைப்படங்களை மேசை மீது வைத்து, இவற்றைப் பாருங்கள் என்று வாதாடினார். அதுவும் பயனளிக்கவில்லை.

பொறியியல் பிரிவின் உபதலைவரான ரொபர்ட் லண்ட் தயங்கினார். பொறியியலாளர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முகாமையாளர் தொப்பியை அணிந்துகொள்ளும்படி மேசன் அவரிடம் கூறினார். லண்ட் இணங்கினார். இரவு 11 மணியளவில் இணைப்பு மீண்டும் உயிர்பெற்றபோது, தரவுகள் முடிவானவை அல்ல, ஏவலாம் என்ற புதிய பரிந்துரையைக் கில்மின்ஸ்டர் வாசித்தார். அதை எழுத்தில் தருமாறு கேட்கப்பட்டது. புளோரிடாவில் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த அலன் மக்டொனால்ட் கையொப்பமிட மறுத்தார். கில்மின்ஸ்டரே கையொப்பமிட்டு 11.45 மணிக்குத் தொலைநகலில் அனுப்பினார். இப்படியொரு விவாதம் நடந்தது என்பதே ஏவுதலுக்கு இறுதி அனுமதி வழங்கிய மேல்மட்ட அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

மறுநாள் முற்பகல் 11.38க்கு சலஞ்சர் புறப்பட்டது. அப்போது காற்றின் வெப்பநிலை 2 பாகை செல்சியஸ். முந்திய எந்த ஏவுதலையும் விடக் குளிர். வலப்புற ரொக்கட்டின் கீழ் மூட்டிலிருந்து கரும்புகை வெளிப்பட்டதை ஏவுதளத்துக் கமராக்கள் பதிவு செய்திருந்தன. எஞ்சியது நாம் அறிந்ததே.

ஒரு குவளை பனிநீர்

ஜனாதிபதி ரேகன் நியமித்த ரொஜர்ஸ் ஆணைக்குழு விசாரணையைத் தொடங்கியது. பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் பெயின்மன் அதன் உறுப்பினர்களில் ஒருவர். பெப்ரவரி 11ஆம் திகதி நடைபெற்ற பகிரங்க அமர்வில் மலோய் சாட்சியமளித்துக்கொண்டிருந்தார். மூட்டின் மாதிரியொன்று உறுப்பினர்களின் பார்வைக்காகக் கைமாறி வந்தது. பெயின்மன் அதிலிருந்து இறப்பர்த் துண்டை எடுத்து, சிறியதோர் இறுக்கியினால் நசுக்கி, தம் முன்னிருந்த பனிநீர்க் குவளைக்குள் இட்டார். பின்னர் வெளியே எடுத்து இறுக்கியைத் தளர்த்தினார். இறப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. உறைநிலையில் இந்தப் பொருள் சில விநாடிகளுக்கு மீளும் தன்மையை இழக்கிறது என்பதை மிகச் சில வாக்கியங்களில் கூறி முடித்தார். தொலைக்காட்சியில் பார்த்த கோடிக்கணக்கானோருக்கு அந்நொடியே விடயம் விளங்கிற்று.

இதை மேதையொருவரின் திடீர் விளையாட்டு என்று பலர் எண்ணுகிறார்கள். அவர் பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகளை வாசித்தால் கதை வேறு. குளிருக்கும் வளையத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற குறிப்பை விமானப்படை ஜெனரல் டொனால்ட் குட்டினா அவருக்கு வழங்கியிருந்தார். இறுக்கியை வாங்குவதற்காக அன்று காலையில் பெயின்மன் கடை தேடிச் சென்றார். அமர்வுக்கு முன்னதாகவே ஓர் அலுவலகத்தில் அதே பரிசோதனையைச் செய்து பார்த்து, அது பலிக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டார். அமர்வில் அவர் அவசரப்பட்டுப் பேச முற்பட்டபோது, இப்போது வேண்டாம் என்று அருகிலிருந்த குட்டினா தடுத்து, எந்தப் படவில்லை வரும்போது பேச வேண்டும் என்பதைச் சுட்டிக் காட்டினார். தயாரிப்பு, ஒத்திகை, தருணம் மூன்றும் அந்தச் சில வாக்கியங்களுக்குப் பின்னால் இருந்தன.

ஒரு வித்தியாசத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெயின்மன் பேசியது விபத்துக்குப் பின்னர். அவருக்கு எதிராக எந்தக் கால அட்டவணையும் இருக்கவில்லை. கேட்கத் தயாராக இருந்த உலகம் அவர் முன் இருந்தது. போஷலேக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தாள்களின் மீது ஒரு தீர்ப்பு, அதன் மீது ஒரு மேன்முறையீடு

தரவுகளைக் காட்சிப்படுத்தும் கலையில் புகழ்பெற்ற எட்வேர்ட் டஃப்ட்டி 1997இல் வெளியிட்ட நூலில் அந்தப் பதின்மூன்று தாள்களையும் கூராய்வு செய்தார். காரணத்தையும் விளைவையும் பிரித்து வைத்தமை, ஒரே ரொக்கட்டை வெவ்வேறு பெயர்களால் குறித்தமை, தாள்களைத் தயாரித்தவர்களின் பெயர் இல்லாமை என்று குறைகளை அடுக்கினார். சேதம் இல்லாத பறப்புகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் வெப்பநிலை வரிசையில் ஒரே வரைபில் காட்டியிருந்தால் உண்மை பளிச்சென்று தெரிந்திருக்கும் என்றார்.

ரொஜர்ஸ் ஆணைக்குழுவின் அறிக்கையும் இதையொத்த ஒரு கணக்கைத் தந்திருந்தது. வளையத்தின் வெப்பநிலை 19 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ இருந்த 20 பறப்புகளில் மூன்றில் மட்டுமே சேதம். ஏறத்தாழ 17 பாகையிலும் அதற்குக் கீழும் நடந்த நான்கு பறப்புகளில் நான்கிலுமே சேதம். இருபதில் மூன்று, நான்கில் நான்கு. அந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு, நாளைக் காலை வளையத்தின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும் என்று முடித்திருந்தால், ஏப்ரல் மாதம் பற்றிய கேள்வி அத்தனை எளிதாக எழுந்திருக்குமா?

ஆனால் இத்தீர்ப்புக்கு எதிராக ஒரு மேன்முறையீடும் உண்டு. 2002இல் போஷலே வேறு மூவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், டஃப்ட்டி தமக்கு அநீதி இழைத்துவிட்டார் என்று வாதிட்டார். எல்லாப் பறப்புகளுக்குமான வெப்பநிலைத் தரவு அன்றிரவு பொறியியலாளர்களின் கையில் இருக்கவில்லை. இல்லாத தரவைக் கொண்டு வரைபு வரையவில்லை என்று குற்றஞ்சாட்டுவது பின்னறிவின் சலுகை என்பதே அவர்களின் நிலைப்பாடு. சமூகவியலாளர் டயான் வோகன் இன்னொரு கோணத்தைத் தருகிறார். சிறு சேதத்தோடு விண்ணோடம் பாதுகாப்பாகத் திரும்பி வரவர, அந்தச் சேதமே வழமையாகிவிட்டது. ஆபத்தின் அடையாளம் பழக்கத்தினால் ஆபத்தாகத் தெரியாமற் போனது என்கிறார் அவர். ஆணைக்குழுவோ, முக்கிய வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தும் நோக்கில் தயோகோல் முகாமைத்துவம் தனது பொறியியலாளர்களின் கருத்துக்கு மாறாகத் தீர்மானத்தை மாற்றியது என்று பதிவு செய்தது.

இவை அனைத்தையும் வாசித்தபின் என்னுடைய கருத்து இதுதான். பழியைத் தாள்களின் மீது சுமத்துவது தவறு. கேட்க மறுத்தவர்களே முதற் பொறுப்பாளிகள். ஆனால் கேட்க விரும்பாத சபையிடம் பேசுபவனுக்கே நல்ல முன்வைப்பு மிகுதியும் தேவைப்படுகிறது. கேட்கத் துடிக்கும் சபைக்கு எப்படிச் சொன்னாலும் போதும்.

மீண்டும் ஒரு ஜனவரி

இப்பாடம் கற்கப்பட்டதா என்றால், இல்லை. 2003 ஜனவரி 16ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் புறப்பட்ட ஏறக்குறைய 82ஆவது விநாடியில், எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டொன்று இடது சிறகில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே போயிங் நிறுவனப் பொறியியலாளர்கள் சேதத்தை ஆராய்ந்து முன்வைப்பொன்றைத் தயாரித்தனர். இம்முறை கையெழுத்துத் தாள்கள் இல்லை. 1987இல் சந்தைக்கு வந்த பவர்பொயின்ற் மென்பொருள் அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தது.

அந்தப் படவில்லைகளில் ஒன்று பின்னர் பிரசித்தி பெற்றது. சோதனைத் தரவுகளின்படி நிலைமை பாதுகாப்பான பக்கத்திலேயே உள்ளது என்று எண்ணத் தூண்டும் தலைப்பு மேலே. அதன் கீழே படிப்படியாக உள்ளொடுங்கிச் செல்லும் குறிப்புகள். மிகக் கீழே, எழுத்துச் சிறுத்த இடத்தில், உண்மையான செய்தி: சோதனையில் பயன்படுத்திய துண்டின் கனவளவு 3 கன அங்குலம், சிறகில் மோதியதாகக் கணிக்கப்பட்டதோ 1,920 கன அங்குலம். 640 மடங்கு! அதாவது, கையிலிருந்த சோதனைத் தரவுகள் இந்தச் சம்பவத்துக்குப் பொருந்தவே மாட்டா. தலைப்புச் சொன்னதை அடிக்குறிப்பு மறுத்தது. தலைப்பை வாசித்தவர்கள் நிம்மதியடைந்தார்கள்.

பெப்ரவரி 1ஆம் திகதி கொலம்பியா பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலையில் விசாரணையாளர்கள் அதையொத்த நுரைத் துண்டைச் சிறகின் முன்விளிம்புப் பலகையொன்றின் மீது செலுத்திப் பார்த்தபோது, ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் அகலமான துளை விழுந்தது. ஓகஸ்ட் மாதம் வெளியான விசாரணை அறிக்கை, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாகப் படவில்லைகளை நம்பும் வழக்கத்தையே ஒரு குறைபாடாகச் சுட்டிக்காட்டியது. ஒரு விபத்து அறிக்கையில் படவில்லை வடிவமைப்புக்கென்று தனிப்பகுதி இடம்பெற்றதைப் பத்திரிகைக்காரனான நான் வியப்புடனேயே வாசித்தேன்.

செய்தியறையின் கண்ணால்

எமது தொழிலில் இதற்கு நிகரான குற்றம் ஒன்றுண்டு. செய்தியைப் பதினோராவது பந்தியில் புதைப்பது. பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு திணைக்களத்தின் ஊடகச் சந்திப்பில் அமர்ந்திருந்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட படவில்லைகள். திணைக்களத்தின் வரலாறு, நோக்கக்கூற்று, கட்டமைப்பு வரைபடம், அதிகாரிகளின் படங்கள் என்று ஓடின. சபை அரைத்தூக்கத்தில் இருந்தபோது, ஒரு படவில்லையின் மூலையில், குறிப்பிட்டதொரு குளத்தின் அணைக்கட்டு மழைக்கு முன்னர் திருத்தப்பட வேண்டும் என்ற வரி தோன்றி மறைந்தது. என் அருகிலிருந்த இளம் செய்தியாளர் அதைக் கண்டு கேள்வி எழுப்பியதால் மறுநாள் அதுவே தலைப்புச் செய்தியாயிற்று. அவர் கண்ணயர்ந்திருந்தால் அந்த வரி யாருக்கும் எட்டியிராது.

அந்தப் பதின்மூன்று தாள்களையும், அந்த ஒற்றைப் படவில்லையையும் வைத்துக்கொண்டு, முன்வைப்புக்குத் தயாராகும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சில உண்டு.

சபை என்ன முடிவை எடுக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். அதற்கான மிக வலுவான சான்றை இரண்டாவது வாக்கியத்தில் சொல்லுங்கள். காரணத்தையும் விளைவையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். நேர்ந்த சம்பவங்களை மட்டுமன்றி நேராதவற்றையும் எண்ணிக் காட்டுங்கள். இருபதில் மூன்று என்பது அருகில் இல்லாவிட்டால் நான்கில் நான்கு என்பதற்குப் பொருளில்லை. உங்கள் வாதத்துக்கு எதிரான தரவு இருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஆனால் விளக்கமின்றி மேசையில் போட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். எதிர்த்தரப்பு அதை எடுக்கும் முன்னர் நீங்களே எடுத்து, அது ஏன் உங்கள் முடிவை மாற்றவில்லை என்று சொல்லுங்கள். தலைப்பு மட்டும் வாசிக்கப்படும் என்று எண்ணித் தலைப்பை எழுதுங்கள். பெரும்பாலும் அது மட்டுமே வாசிக்கப்படுகிறது. காட்டக்கூடிய பொருள் இருந்தால் காட்டுங்கள். ஆனால் முதலில் தனியறையில் செய்து பாருங்கள்.

தரவு போதாதிருந்தால், போதாது என்பதையே முடிவாகச் சொல்லுங்கள். எமக்குத் தெரியாது, ஆகவே ஏவக்கூடாது என்பதும் ஒரு முடிவுதான். அன்றிரவு முகாமையாளர்கள் அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டார்கள்: தெரியாது, ஆகவே ஏவலாம்.

இவை பேசுபவருக்கு உரியவை. கேட்பவருக்கும் ஒரு கடமையுண்டு. தயங்கித் தடுமாறிப் பேசுகிறவர் சொல்வது பொய்யாகிவிடாது. சரளமாகப் பேசுகிறவர் சொல்வது உண்மையாகிவிடாது. தலைமை இருக்கையில் அமர்ந்திருப்பவர், இவரால் இதை நிரூபிக்க முடியவில்லையே என்று மகிழ்வதற்கு முன், இவர் ஏன் இவ்வளவு பதறுகிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 34 பேர் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தொலைபேசியில், கையை மீறிய அச்சத்தோடு பேசியவர்களின் குரல் ஒலித்தது. அது தரவு அல்ல என்று ஒதுக்கப்பட்டது.

அந்த அணியிலிருந்த இன்னொரு பொறியியலாளர் பொப் ஈபெலிங். ஏவுதலை நிறுத்த முயன்றவர்களில் அவரும் ஒருவர். தாம் இன்னும் நன்றாக வாதிட்டிருக்க வேண்டும் என்ற குற்றவுணர்வை முப்பது ஆண்டுகள் சுமந்தார். 2016இல், விபத்தின் முப்பதாவது ஆண்டு நினைவையொட்டி அவர் வானொலிக்கு அளித்த செவ்வியில் அந்த வேதனையை வெளியிட்டபோது, உங்கள் கடமையை நீங்கள் செய்தீர்கள் என்று நூற்றுக்கணக்கான நேயர்கள் அவருக்கு எழுதினார்கள். சற்று ஆறுதலடைந்தவராக அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவர் காலமானார். ரொஜர் போஷலே அதற்கு முன்பே, 2012 ஜனவரியில் மறைந்துவிட்டார். தமது வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளில் அவர் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று பொறியியல் மாணவர்களுக்குத் தொழில் அறம் பற்றி உரையாற்றி வந்தார். அந்த இரவைப் பற்றி அவர் எத்தனையோ சபைகளில் பேசினார். கேட்டிருக்க வேண்டிய சபை ஒன்றே ஒன்றுதான்.